வலு கூட்டிய மொறிஸ் மைனரும் மறக்கப்பட்ட வால்வும்: வன்னியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வில் வரும் கார் 1961 ஆம் ஆண்டுப் பதிவுடைய, நான்கு கதவுகள் கொண்ட மொறிஸ் மைனர் 1000. உரிமையாளர் கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். கார் அவருடைய தகப்பனார் வாங்கியது. 1990களில் வடக்கில் பெற்றோல் கிடைக்காதிருந்தபோது, எங்கள் பக்கத்துப் பழைய கார்களைப் போலவே இதுவும் சிறிதளவு பெற்றோலில் ஸ்ராட் செய்யப்பட்டுப் பிறகு மண்ணெண்ணெயில் ஓடியது. 2002 இல் ஏ9 வீதி திறக்கப்பட்டதும் வவுனியாவிலிருந்த உறவினர் ஒருவரின் வீட்டுக் கொட்டிலில் கொண்டுபோய் நிறுத்தப்பட்டதனால், 2009 இல் வன்னியின் வாகனங்களுக்கு நேர்ந்த கதி இதற்கு நேரவில்லை.

மீண்டும் கிளிநொச்சிக்கு வந்த பிறகு பல ஆண்டுகள் சந்தைக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓடிய காரை, வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போய்வரக்கூடியதாக ஆக்கவேண்டும் என்பதே உரிமையாளரின் விருப்பம். அதில் நியாயம் இருந்தது. பழைய ஏ9 குண்டும் குழியுமாகக் கிடந்த காலத்தில் 50 கிலோமீற்றர் வேகம் எவருக்கும் குறையாகத் தெரியவில்லை. இன்றைய வழுவழுப்பான ஏ9 இல், பின்னால் பேருந்தும் பாரவூர்தியும் ஹோர்ன் அடித்துக்கொண்டு வரும்போது, அந்த வேகமே ஓர் ஆபத்தாகிவிடுகிறது.

நான் வாகனப் பொறிமுறை கற்பிப்பவன். வேலை நடந்த கராஜ் என்னிடம் முன்னர் படித்த ஒருவருடையது. என்னிடம் இப்போது படிக்கும் இரண்டு பயிலுநர்களும் அதில் பங்கெடுத்தார்கள். முடிவுகளை நாங்கள் சேர்ந்தே எடுத்தோம் என்றாலும், கீழே விவரிக்கப்படும் தவறுகளில் பெரியது என்னுடையது.

கார் வந்தபோது கண்டவை

இந்த வகைக் காரில் 948 கன சென்ரிமீற்றர் எஞ்சினும் 37 குதிரை வலுவும் இருக்கும். கொம்பிரஷன் பார்த்தபோது மூன்றாவது சிலிண்டர் மற்றவற்றின் பாதியளவே காட்டியது. ஒயில் குச்சியை இழுத்து மணந்தால் எரிபொருள் வாசம் வந்தது. மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகாமல் சிலிண்டர்ச் சுவரில் வழியும். வழியும்போது அங்குள்ள ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு எஞ்சினடி ஒயில் தொட்டியான சம்பினுள் இறங்கும். ஒயில் நீர்த்துப்போய் ரிங்கும் பெயாரிங்கும் தேயும். இந்த எஞ்சினில் அந்தத் தேய்வின் அடையாளங்கள் யாவும் இருந்தன. மண்ணெண்ணெய் ஓட்டத்தை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகியும் தேய்ந்தது தேய்ந்ததுதானே.

பிறேக்கை அன்று நாங்கள் சரியாகப் பார்க்கவில்லை. முன்னும் பின்னும் 7 அங்குல டிறம், மிதித்தால் மிதி நின்றது, ஒயில் குறைந்திருக்கவில்லை. இவ்வளவையும் பார்த்துவிட்டு, ‘பிறேக் பிறகு’ என்று வேலைப் பட்டியலில் எழுதினோம். அந்தக் கடதாசி இன்னமும் என்னிடம் உண்டு, கையெழுத்து என்னுடையது.

எஞ்சினும் டிபரன்ஷியலும்

மூன்று வழிகள் பேசப்பட்டன. முதலாவது, இருக்கும் எஞ்சினை போர் செய்து பெரிய அளவுப் பிஸ்ரன் போடுவது. இரண்டாவது, 1962 இன் பின்னர் வந்த மைனர்களின் 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சினைத் தேடிப் பிடிப்பது. மூன்றாவது, நிசான் சனி பி310 காரின் ஏ12 எஞ்சினை அதன் கியர்பொக்ஸோடு இறக்குவது. முதல் வழியே காருக்கு மரியாதையானது என்பது என் எண்ணமாக இருந்தது, இன்றும் அதுவே. ஆனால் பிஸ்ரன் வந்துசேர எத்தனை மாதம் ஆகும் என்று எவராலும் உறுதி சொல்ல முடியவில்லை. 1098 எஞ்சின் கிடைத்த ஓரிடத்தில் அதன் புளொக்கில் வெடிப்பு இருந்தது. ஏ12 இன் உதிரிப்பாகங்களோ கொழும்பு பஞ்சிகாவத்தையில் இன்றும் கிடைக்கின்றன. அதன் 1171 கன சென்ரிமீற்றர் கொள்ளளவு, எந்த ஆண்டுக்கு எந்த நாட்டுக்கெனச் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்து 50க்கும் 70க்கும் இடைப்பட்ட குதிரை வலுவைத் தரும். அதே குடும்பத்தின் 1488 கன சென்ரிமீற்றர் ஏ15 எஞ்சின் ஒன்றும் மலிவாகக் கிடைத்தபோதிலும், மைனரின் பின் அச்சிலுள்ள அரை ஷாப்டுகள் அந்த இழுவையைத் தாங்கமாட்டா என்பதால் அதை எடுக்கவில்லை.

ஐந்து கியர் பெட்டி வேண்டுமா என்ற கேள்விக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். இந்தக் காரின் டிபரன்ஷியல் விகிதம் 4.555, அதாவது பின் சில்லு ஒருமுறை சுற்ற அதை இயக்கும் ஷாப்ட் 4.555 தடவை சுற்றவேண்டும். 14 அங்குலச் சில்லில் 145 அகல ரயர் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 1.85 மீற்றர் உருளும். அப்படியென்றால் 80 கிலோமீற்றர் வேகத்தில் நேர் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3300 தடவை சுற்றவேண்டும். 1098 மைனரின் 4.22 டிபரன்ஷியலை அதே அச்சுக்குள் போட்டால் அது 3050 அளவுக்கு இறங்கும். கூட்டை வெட்டவோ ஒட்டவோ தேவையில்லை. வன்னி சமதரை, ஏற்றம் என்று சொல்லக் குளக்கட்டைத் தவிர ஒன்றுமில்லை. ஆகவே, நீளமான ஐந்து கியர் பெட்டிக்காகக் காரின் அடித்தளத்தை வெட்டுவதிலும் பார்க்க, நான்கு கியரும் 4.22 உம் போதும் என்று முடிவெடுத்தோம்.

அடித்தளத்தை வெட்டாததற்கு வேறொரு காரணமும் உண்டு. மைனரின் முன் சஸ்பென்சனுக்குச் சுருள் ஸ்பிறிங் கிடையாது; முறுகும் இரும்புத் தண்டுகளான டோர்ஷன் பார்கள்தான் காரைத் தாங்குகின்றன. அவற்றின் பின் முனைகள் முன் இருக்கைகளுக்குக் கீழேயுள்ள குறுக்குச் சட்டத்தில் மாட்டப்பட்டிருக்கின்றன. கியர்பொக்ஸுக்கு இடம் தேடி அந்தச் சட்டத்தில் கைவைத்த கார்கள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். அவை ஒரு பக்கம் சரிந்து நிற்பதைக் கண்டு ‘ஸ்பிறிங் இறங்கிவிட்டது’ என்பார்கள். இறங்கியது ஸ்பிறிங் அல்ல.

எஞ்சின் இருக்கைகளை வெட்டி ஒட்டியது, றேடியேற்றர் மாற்றியது, நேர்முனை உடலோடு இணைந்த பழைய மின்னமைப்பை எதிர்முனைக்கு மாற்றியது ஆகியவை ஆறு கிழமைகளில் சிக்கலின்றி முடிந்தன. எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் உள்ள விடயம் என்பதால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குக் கொடுக்கவேண்டிய பத்திரங்களைக் காரை வீதியில் இறக்குவதற்கு முன்பே உரிமையாளர் ஒழுங்குசெய்தார். எங்களில் முறையாக நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

புறொப்பெல்லர் ஷாப்ட்

முதல் ஓட்டத்தில் 55 கிலோமீற்றருக்கு மேல் தரைத்தகடு நடுங்கியது. 65 ஐத் தாண்டினால் பின் கண்ணாடியில் தெரியும் வீதி இரண்டாகத் தெரிந்தது. சனியின் முன் முனையையும் மைனரின் பின் முனையையும் ஒரே குழாயில் சேர்த்து, கியர்பொக்ஸின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் புறொப்பெல்லர் ஷாப்டைச் செய்து தந்தது ஒரு லேத் பட்டறை. சமநிலை பிழைத்திருக்கலாம் என்று கராஜ்காரர் அதை மீண்டும் அங்கே கொண்டுபோக ஆயத்தமானபோது, பயிலுநர்களில் ஒருவர் ஷாப்டை மேசையில் கிடத்தி, ஒரு முனையின் கவரில், அதாவது கவைபோலப் பிரிந்த பகுதியில், நீர்மட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் நின்றது. ஷாப்டை அசைக்காமல் மற்ற முனைக் கவரில் வைத்தார். குமிழி ஓடிப்போய் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது.

இரண்டு கவர்களும் ஒரே தளத்தில் இருக்கவேண்டும் என்பது ஷாப்ட் வேலையின் அரிச்சுவடி. சரிவில் சுழலும் ஒரு யுனிவேர்சல் ஜொயின்ற், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகம் கூடிக் குறைந்துதான் சுழலும். மற்ற முனையிலுள்ள ஜொயின்ற் அதே அளவில் எதிர்மாறாகச் செய்து அதைச் சமன்படுத்தும். கவர்கள் ஒன்றுக்கொன்று திரும்பி நின்றால் சமன்படாது. எவ்வளவு திறமாகச் சமநிலை பார்த்தாலும் அந்த நடுக்கம் போகாது. வெட்டி மீண்டும் ஒட்டியதும் நின்றுவிட்டது. அடுத்த நாளே கார் உரிமையாளரிடம் கொடுக்கப்பட்டது. பிறேக் வேலை அப்போதும் பட்டியலில்தான் கிடந்தது. இலண்டனில் இருக்கும் தம்பி டிஸ்க் பிறேக் தொகுதி ஒன்றை அனுப்பிவிட்டதாகவும், வந்ததும் மாட்டலாம் என்றும் உரிமையாளர் சொல்லியிருந்தார்.

கொக்காவிலில் ஒரு மாலை

மூன்று கிழமைகளின் பின், மாங்குளத்திலிருந்து கிளிநொச்சி நோக்கி வரும்போது, கொக்காவிலுக்கு அண்மையில் பொழுதுபடும் நேரத்தில் கட்டாக்காலி மாடுகள் வீதியை மறித்து நின்றன. கார் 75 கிலோமீற்றர் வேகத்தில் வந்ததாக உரிமையாளர் பிறகு சொன்னார். மிதித்ததும் கார் வலப்பக்கம் இழுத்து, எதிர்த் தடத்தைக் கடந்து, வீதியோரக் கிரவலில் இறங்கி, மைல்கல் ஒன்றை உரசிக்கொண்டு நின்றது. மட்கார்ட் நெளிந்ததைத் தவிர எவருக்கும் ஒன்றுமில்லை. எதிரே வாகனம் வராதது எங்கள் திறமை அல்ல.

“தம்பி, மிதிச்சனான், மிதியும் நிண்டது. கார்தான் நிக்கேல்லை” என்று கராஜ்காரரிடம் அவர் சொன்ன வார்த்தையில் முழு நோயறிதலும் இருந்தது. டிறம்களைக் கழற்றியபோது இடது முன் சில்லில், ஒயில் அழுத்தத்தால் பிறேக் சப்பாத்துகளை டிறம்மோடு தள்ளும் இரண்டு வீல் சிலிண்டர்களில் ஒன்று இறுகிப்போயிருந்தது. லைனிங் கண்ணாடிபோல மினுங்கியது. வெளியே எடுத்த றபர்க் கப்புகள் ஊதிப்போய், விரல் நகம் பட்டாலே பிளந்தன. பிறேக் ஒயிலுக்குப் பதிலாகக் கனிம எண்ணெய் ஏதும் கலந்தால் இந்த வகை றபர் அப்படித்தான் ஊதும். தட்டுப்பாட்டுக் காலத்தில் யாரோ கையில் கிடைத்ததை ஊற்றியிருக்கவேண்டும். மிதியின் விசையை ஒயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்ரர் சிலிண்டர், மைனரில் சாரதியின் காலடியில், தரைவிரிப்பையும் ஒரு மூடியையும் தூக்கினால் மட்டும் தெரியும் இடத்தில் இருப்பதால், அதற்குள் என்ன ஊற்றப்பட்டது என்பதைப் பிறகு வருபவர் கண்டுகொள்வதில்லை.

இங்கே ஒரு கணக்கு எங்களைச் சுட்டது. ஓடும் வாகனத்தில் உள்ள சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 50 இல் ஓடிய காரை 80 இல் ஓட விட்டால், நிறுத்தும்போது பிறேக் உறிஞ்சவேண்டிய வெப்பம் இரண்டரை மடங்குக்கும் சற்று அதிகம். வகுப்பில் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதும் கணக்கு இது. தேய்ந்த எஞ்சினே அதுவரை இந்தக் காருக்கு வேகக் கட்டுப்பாடாக இருந்து வந்தது. அதை அகற்றிவிட்டு, பிறேக்கை அப்படியே விட்டிருந்தோம்.

டிறம்மா, டிஸ்க்கா

மாஸ்ரர் சிலிண்டரையும் எல்லா வீல் சிலிண்டர்களையும் கழற்றி, ஸ்பிரிற்றில் கழுவி, புதிய றபர்த் தொகுதிகளைப் போட்டோம். பழைய குழாய்களையும் மூன்று நெகிழ் குழாய்களையும் மாற்றி, டொட் 4 ஒயில் விட்டோம். மாஸ்ரர் சிலிண்டரைப் பயிலுநர்கள் பூட்டினார்கள். பழைய கைநூலின் படத்தோடு ஒப்பிட்டு, வால்வு, ஸ்பிறிங், கப், பிஸ்ரன் என்ற ஒழுங்கை நானே விளக்குப் பிடித்துச் சரிபார்த்தேன். ஒன்றுகூடப் பிசகாமல் இருந்தது. இந்த வரியை வாசிப்பவர் நினைவில் வைத்திருக்கவேண்டும்.

பின்னர் ஆளரவம் குறைந்த ஒரு நேர் வீதியில், கைத்தொலைபேசியின் வேகமானியைப் பார்த்தபடி 60 கிலோமீற்றரிலிருந்து நிறுத்தி, சோக்கால் கோடு போட்டு அளந்தோம். திருத்திய 7 அங்குல டிறம் காரை 25 மீற்றரில் நிறுத்தியது. ஆறவிடாமல் தொடர்ந்து ஐந்து தடவை நிறுத்தியபோது ஐந்தாவது 36 மீற்றருக்குப் போய்விட்டது.

இந்தக் கட்டத்தில் என் ஆலோசனை, 1098 மைனரின் 8 அங்குல முன் டிறம்களைப் போடுவது. வவுனியாவில் ஒரு தொகுதி இருந்தது. அச்சோடு அப்படியே பொருந்தும். மாஸ்ரர் சிலிண்டருக்கோ சமநிலைக்கோ ஒரு மாற்றமும் வேண்டியதில்லை. ஆனால் இலண்டன் பொதி அதற்குள் வந்துவிட்டது. கடல் கடந்து வந்த பொருளைப் பெட்டிக்குள் வைத்திருக்க எவருக்கும் மனம் வரவில்லை. உரிமையாளர் சொன்ன காரணம் ஒன்று கனமானது: மாரியில் வீதிக்கு மேலாக வெள்ளம் பாயும் இடங்களைக் கடந்தால், டிறம்முக்குள் புகுந்த தண்ணீர் வடியும்வரை பிறேக் பிடிப்பதில்லை, டிஸ்க் திறந்தே இருப்பதால் இரண்டு மூன்று சுற்றில் உலர்ந்துவிடும். டிஸ்க் என்றே முடிவாயிற்று.

பூட்டுவது இலகுவாக இருந்தது. பழைய பின்தகடு இருந்த அதே துளைகளில் தாங்கியைப் பூட்டி, ஹப்பில் டிஸ்க்கை ஏற்றி, அதை இருபுறமும் பாட்களால் கவ்விப்பிடிக்கும் கலிப்பரை மாட்டினோம். சில்லின் உட்பக்கம் கலிப்பரில் தட்டுமா என்று பார்க்க, கலிப்பரின் முதுகில் களிமண் உருண்டை ஒன்றை ஒட்டிச் சில்லைப் பூட்டிச் சுற்றிவிட்டுக் கழற்றினோம். நசுங்கிய மண்ணின் தடிப்பு 5 மில்லிமீற்றர், போதும். அன்றைய சோதனையில் கார் 21 மீற்றரில் நின்றது. ஐந்தாவது தடவையும் 22 ஐத் தாண்டவில்லை. எல்லோருக்கும் மகிழ்ச்சி. மாஸ்ரர் சிலிண்டரை எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் இரண்டு கிழமைக்கு முன்னர் புதிதாக்கிப் பூட்டிய பொருளாயிற்றே.

சூடேறிய சில்லுகள்

மறுநாள் உரிமையாளர் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போனார். கோயிலடியில் இறங்கியபோது கருகிய வாசம் வந்தது; முன் சில்லுக் கோப்பையைத் தொட்டவர் கையை உதறினார். கச்சான் விற்கும் பெண்மணி தண்ணீர்ப் போத்தலை நீட்டியபோதும் அதைச் சில்லில் ஊற்றாமல் விட்டது நல்லதாயிற்று, ஏனெனில் சிவக்கச் சூடேறிய வார்ப்பிரும்பு டிஸ்க்கில் தண்ணீர் பட்டால் வெடிக்கக்கூடும். அரை மணித்தியாலம் ஆறவிட்டு, மெதுவாகக் கராஜுக்குக் கொண்டுவந்தார்.

காரை ஜக்கில் ஏற்றிப் பார்த்தபோது முன் சில்லுகள் இரண்டும் கையால் சுற்றக் கடினமாக இருந்தன. பின் சில்லுகள் தாராளமாகச் சுற்றின. கராஜ்காரர் முதலில் பெயாரிங்கைச் சந்தேகித்துத் தளர்த்தினார்; மாற்றமில்லை. அடுத்து கலிப்பரின் காற்றெடுக்கும் நிப்பிளைத் திறந்தார். இரண்டு மூன்று சொட்டு ஒயில் சிறு துள்ளலோடு வந்தது. உடனே சில்லு விடுபட்டுச் சுற்றியது. எனவே பிஸ்ரன் இறுகவில்லை, குழாயில் அழுத்தம் நின்றுகொண்டிருக்கிறது. நிப்பிளை மூடி மிதியை ஒருமுறை மிதித்துவிட்டால் மீண்டும் இறுகியது. இம்முறை மாஸ்ரர் சிலிண்டரின் வாயிலிலுள்ள குழாய் நட்டைத் தளர்த்தினோம், அப்போதும் விடுபட்டது. அதனால் இடையிலுள்ள நெகிழ் குழாய்களில் அடைப்பில்லை. மிதிக்கும் பிஸ்ரனுக்கும் இடையில் இருக்கவேண்டிய சிறு தளர்வும் இருந்தது.

“மாஸ்ரரிலதான் பிழை கிடக்கு” என்று காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது. “நான் என்னடா தம்பி செய்தனான்?” என்று வாங்கில் இருந்த உரிமையாளர் கேட்டார். அன்று நாங்கள் சிரித்த ஒரே இடம் அது.

மைனரில் மாஸ்ரர் சிலிண்டரைக் கழற்றுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை, ஏனெனில் அதைப் பிடிக்கும் பொல்ட்டுகளை இழுத்தெடுக்க டோர்ஷன் பார் இடம் கொடுக்காது. ஒரு முழுநாள் போயிற்று. கழற்றிய சிலிண்டரைத் தட்டில் கவிழ்த்தபோது, ஸ்பிறிங்கின் நுனியில் கோர்த்திருந்த சிறு உலோகக் கிண்ணமும் றபர் வளையமும் உருண்டு வந்தன. இரண்டும் சேர்ந்தது ஒரு வால்வு. டிறம் பிறேக் காரில் இந்த வால்வு வேண்டும்: மிதியை விட்ட பிறகும் குழாயில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 10 இறாத்தல் அழுத்தத்தை நிறுத்திவைத்து, வீல் சிலிண்டர்க் கப்புகளின் உதடுகளைச் சுவரோடு ஒட்டவைத்துக் காற்றுப் புகாமல் காப்பது அதன் பணி. டிறம்முக்குள் சப்பாத்துகளை இழுத்துப்பிடிக்கும் வலுவான ஸ்பிறிங்குகள் இருப்பதால் அந்த அழுத்தம் ஒன்றும் செய்யாது. கலிப்பரில் அப்படியொரு ஸ்பிறிங் இல்லை. பிஸ்ரனைப் பின்னிழுப்பது அதன் றபர் வளையத்தின் சிறு நெளிவு மட்டுமே. 10 இறாத்தல் அழுத்தம் நின்றால் பாட்கள் டிஸ்க்கைத் தடவிக்கொண்டே இருக்கும். முறிகண்டிவரை அவை தடவிக்கொண்டே போயிருக்கின்றன.

விளக்குப் பிடித்து நான் சரிபார்த்த அதே வால்வு. படத்தில் இருந்தபடி, இருக்கவேண்டிய இடத்தில், சரியாகவே இருந்தது. அதைச் சரி என்று ஆக்கிய டிறம்களை நாங்கள் கழற்றிவிட்டோம் என்பதுதான் எனக்குப் படவில்லை. பயிலுநர்கள் முகம் வாடி நின்றார்கள். பிழை உங்களுடையது அல்ல என்று அவர்களுக்கு அங்கேயே சொன்னேன்.

வால்வை எடுத்த பின்

வால்வை எடுத்துவிட்டுப் பூட்டியதும் சில்லுகள் தாராளமாகச் சுற்றின. ஆனால் இரவு நிறுத்திவைத்த காரை காலையில் எடுத்தால் முதல் மிதி தரைவரை போனது. இரண்டாவது மிதியில்தான் பிடித்தது. கலிப்பர்கள் மேலே, மாஸ்ரர் சிலிண்டர் தரைக்குக் கீழே. வழியில் தடுப்பில்லாததால் ஒயில் தன்பாட்டில் கீழே இறங்கி, பிஸ்ரன்கள் சற்றுப் பின்வாங்கிவிடுகின்றன. நவீன கார்களில் மாஸ்ரர் சிலிண்டர் எஞ்சின் அறையில் உயரத்தில் இருப்பதால் இது தெரியாது.

இதற்கான தீர்வு, குழாய் வழியில் பூட்டும் தனித்தனி வால்வுகள். முன் கிளைக்கு 2 இறாத்தல், பின் டிறம்களின் கிளைக்கு 10 இறாத்தல். மாஸ்ரர் சிலிண்டரிலிருந்து வரும் ஒரே குழாய் முன்னும் பின்னுமாகப் பிரியும் இடத்துக்குப் பிறகுதான் அவற்றைப் பூட்டவேண்டும். பிரியும் முன் பூட்டினால் பழைய கதைதான். அவை இங்கே கிடைக்காததால் மீண்டும் இலண்டன் தம்பிதான் கைகொடுத்தார். அவை வந்துசேரும்வரை காரை வீதியில் இறக்கவேண்டாம் என்றோம். உரிமையாளர் ஒரு திருமணத்துக்கு முச்சக்கர வண்டியில் போய்வந்தார். காரில் போக ஒருமுறைகூடக் கேட்கவில்லை. சூடுபட்ட ஒயிலையும் முழுதாக மாற்றினோம். டொட் 4 புதிதாக இருக்கும்போது 230 பாகை செல்சியசில் கொதிப்பதாயினும், ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த அளவு 155 வரை இறங்கிவிடும். எங்கள் மாரிக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை.

மாரியும் அதன் பின்னரும்

கார்த்திகை மழையில் பரந்தன் பக்கம் வீதிக்கு மேலாக முழங்காலளவு இல்லாத தண்ணீரைக் கடந்தபோது, முன் பிறேக் இரண்டாவது மிதிப்பிலேயே பிடித்ததாகவும், ஹாண்ட் பிறேக் மட்டும் வெகுநேரம் வழுக்கியதாகவும் உரிமையாளர் சொன்னார். ஹாண்ட் பிறேக் பின் டிறம்மில் வேலை செய்வது, அது நனைந்திருந்தது. டிஸ்க்குக்கு அவர் சொன்ன காரணம் சரியென்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் மிதி பாரமாகிவிட்டது. மைனரின் முன் டிறம்மில் ஒவ்வொரு சில்லுக்கும் இரண்டு சிலிண்டர்கள். இரண்டு சப்பாத்துகளையும் சுழலும் டிறம்மே தன்னோடு இழுத்து மேலும் இறுக்கும். அந்த இலவச உதவி டிஸ்க்கில் கிடையாது. சாதாரண வேகத்தில் பரவாயில்லை. சடுதியாக நிறுத்தும்போது முதுகை இருக்கையில் ஊன்றி மிதிக்கவேண்டும். முழங்கால் நோவுள்ள அறுபத்தெட்டு வயதுக்காரருக்கு அது சிறிய குறை அல்ல. அவருடைய மகள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திறப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எஞ்சினும் டிபரன்ஷியலும் எதிர்பார்த்தபடியே இருக்கின்றன. அரை ஷாப்டுகளைக் கழற்றிப் பார்த்தபோது முறுக்கமோ வெடிப்போ இல்லை.

மீண்டும் செய்வதானால்

முதலில் பிறேக், பிறகுதான் எஞ்சின். இந்த ஒழுங்கைக் கராஜ்காரர் இப்போது மதிப்பீட்டுத் தாளிலேயே எழுதிவைத்திருக்கிறார். பிறேக்கில் எந்தப் பாகம் மாறினாலும், மிதியிலிருந்து சில்லுவரை உள்ள மற்ற எல்லாப் பாகங்களையும், நேற்றுப் புதிதாகப் போட்டவை உட்பட, மாறிய பாகத்தோடு வைத்து மறுபடி சரிபார்க்கவேண்டும் என்பதைப் பாடக்குறிப்பில் சேர்த்துள்ளேன். எங்களிடமிருந்த கைநூல் டிறம் காருக்கானது. டிஸ்க் தொகுதியோடு வந்த துண்டுத்தாள் கலிப்பரைப் பற்றி மட்டுமே பேசியது. இரண்டுக்கும் நடுவில் இருந்த இடத்தை வாசிக்கவேண்டியது எங்கள் பொறுப்பு.

டிஸ்க் தேவையா என்ற கேள்விக்கு என் பதில் முன்பைவிடத் தளர்ந்திருக்கிறது. 70 ஐத் தாண்டாமல், தனியே ஓட்டும் ஒருவருக்கு, நன்கு திருத்திய 8 அங்குல டிறம் இதில் மூன்றிலொரு செலவில் போதுமாயிருந்திருக்கும், மிதியும் பாரமாகியிராது. வெள்ளத்தில் ஓடவேண்டியவருக்கு அந்தப் பதில் பொருந்தாது.

ஒரு வேலை மிச்சமிருக்கிறது. கார் இன்னமும் ஒற்றைச் சுற்றுப் பிறேக்கில்தான் ஓடுகிறது. ஒரு குழாய் வெடித்தால் நான்கு சில்லும் ஒன்றாகப் போய்விடும். முன்னும் பின்னும் தனித்தனிச் சுற்றாகப் பிரிக்கும் இரட்டை மாஸ்ரர் சிலிண்டரை எஞ்சின் அறையில் உயரத்தில் பூட்ட இடம் அளந்திருக்கிறோம். அதோடு முன் சுற்றுக்கு மட்டும் ஒரு வெற்றிட உதவியும் சேர்ந்தால் மிதியின் பாரமும் குறையும், கிரவலில் பின் சில்லு இறுகும் பயமும் இராது. மாஸ்ரர் சிலிண்டர் உயரத்துக்கு வந்ததும் முன் கிளையிலுள்ள 2 இறாத்தல் வால்வைக் கழற்றிவிடலாம் என்று ஒரு பயிலுநர் தானாகவே தாளில் குறித்திருந்தார். சிறுபோக அறுவடை முடிந்து உரிமையாளரின் கையில் காசு வந்ததும் வேலை தொடங்கும். அதுவரை 70 கிலோமீற்றரே எல்லை என்று வேகமானிக் கண்ணாடியில் சிவப்பு நாடா ஒட்டியிருக்கிறோம்.